மொனேயின் வலது கண், இடது கண்: ஒரு ரோஜாத் தோட்டத்தின் கேஸ் ஷீட்

ஆண், வயது 81, தொழில் ஓவியம். ஊர் பிரான்சில் ஜிவெர்னி. வலது கண்ணில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது மட்டும் தெரிகிறது, அதற்குமேல் ஒன்றும் இல்லை. இடது கண்ணில் பத்தில் ஒரு பங்குப் பார்வை, அதாவது நல்ல கண் உள்ளவர் 60 மீட்டரில் நின்று படிப்பதை இவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடியும். இரண்டு கண்ணிலும் புரை, நன்றாக முற்றிய புரை.

1922 செப்டம்பரில் பாரிஸ் கண் மருத்துவர் ஷார்ல் கூத்தெலா பரிசோதித்தபோது குளோத் மொனே இருந்த நிலை இது. அதே வருடம் ஏப்ரலில்தான் அல்லிக்குளத்தைப் பிரம்மாண்டமான ஓவியங்களாக வரைந்து தருவதாகப் பிரெஞ்சு அரசுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அந்த அல்லிக்குளம் எல்லோருக்கும் தெரிந்தது, காலண்டரில் இருந்து காபி கோப்பை வரை வந்துவிட்டது. நான் எழுத நினைத்தது அதைப் பற்றி இல்லை. அதே காலத்தில், அதே வீட்டில், பூந்தோட்டத்துப் பக்கம் திரும்பி நின்று அவர் வரைந்த ஒரு வரிசை ஓவியங்களைப் பற்றி. ரோஜாத் தோட்டத்திலிருந்து பார்த்தால் தெரிகிற வீடு, அவ்வளவுதான் விஷயம். காலம் 1922 முதல் 1924 வரை. இப்போது பாரிஸில் மர்மொத்தான் மொனே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஒரே இடம், ஒரே வீடு. ஆனால் சில படங்களில் எல்லாமே சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சளுமாக, தோட்டமே அடுப்புக்குள் இருப்பது போல எரிகிறது. சிலவற்றில் எல்லாம் நீலம், அதில் கொஞ்சம் பச்சை, கொஞ்சம் ஊதா. வீடு எங்கே இருக்கிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும், கூரையின் சரிவு மட்டும் தெரியும். ரோஜா எது இலை எது என்று கேட்டால் பதில் கிடையாது.

இதற்கு எங்கும் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு: கண்ணில் புரை வந்தால் லென்ஸ் மஞ்சளாகும், அப்புறம் பழுப்பாகும், மொனேவுக்கு உலகம் சிவப்பாகத் தெரிந்தது, அதனால் சிவப்பாக வரைந்தார். கேட்க நன்றாக இருக்கிறது, பாதி சரியும்கூட. மீதிப் பாதியில்தான் எனக்குச் சண்டை.

முதலில் புரைக்கு முந்தைய கண்ணைப் பார்த்துவிடுவோம்

மொனே 1883-ல் ஜிவெர்னியில் வாடகைக்குக் குடியேறினார், 1890-ல் அதே வீட்டை விலைக்கு வாங்கினார். ரோஸ் நிறச் சுவர், பச்சை ஜன்னல் கதவுகள், முன்னால் சுமார் ஒரு ஹெக்டேர் தோட்டம். தோட்ட வேலைக்கு ஆட்கள் பலர், தலைமைத் தோட்டக்காரர் ஒருவர். எந்தப் பூவுக்குப் பக்கத்தில் எந்தப் பூ, எது எந்த மாதம் பூக்கும் என்பதெல்லாம் மொனேயே முடிவு செய்தது. சும்மா அழகுக்காக வைத்த தோட்டம் இல்லை, வரைவதற்கென்றே வளர்த்தது.

1900-ல் அந்தத் தோட்டத்தை அவர் வரைந்த படம் ஒன்று பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 82 சென்டிமீட்டர் உயரம், 93 அகலம். ஐரிஸ் பூக்கள் பாத்தி பாத்தியாகக் குறுக்குவாட்டில் ஓடுகின்றன, மேலே மரங்களின் கிளைகள், பின்னால் வீடு மங்கலாக. இந்தப் படத்தில் கவனிக்க வேண்டியது ஊதா. ஒரே ஊதா இல்லை. வெயில் விழுந்த பூவில் ரோஸ் கலந்த ஊதா, மர நிழலில் நீலம் கலந்த ஊதா, நடைபாதை மண்ணில்கூடச் செம்மண்ணோடு கலந்த ஓர் ஊதா. எத்தனை ஊதா என்று எண்ணப் போனேன், எட்டோ ஒன்பதோ வந்ததும் விட்டுவிட்டேன். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஊதாவுக்கு நடுவில் உள்ள மயிரிழை வித்தியாசத்தை நம்பித்தான் படமே நிற்கிறது. இம்ப்ரெஷனிஸ்டுகள், அதாவது மாறுகிற வெளிச்சத்தைப் பிடிக்கப் பார்த்த மொனே கூட்டத்து ஓவியர்கள், நிழலைக் கறுப்பால் போடாமல் நீலத்தாலும் ஊதாவாலும் போட்டார்கள், அதில் மொனே ரொம்பக் கறார்.

புரை முதலில் கைவைப்பது சரியாக அந்த இடத்தில்தான்.

கண்ணில் நடந்தது

கண்ணின் லென்ஸ் வயதாக ஆக மஞ்சளாவது எல்லோருக்கும் நடப்பது. அதன் நடுப்பகுதி இறுகிப் பழுப்பாகும் வகைப் புரையில் மூன்று கோளாறுகள் சேர்ந்து வரும். பார்வை மங்கும். வெளிச்சம் சிதறிக் கண் கூசும். நீலமும் ஊதாவும் உள்ளே போகாமல் வடிகட்டப்படும். முதல் இரண்டைப் பற்றி எல்லாரும் புலம்புவார்கள். மூன்றாவதைப் பற்றி அநேகமாக யாரும் வாய் திறப்பதில்லை, ஏனென்றால் அது நடப்பதே தெரியாது. வருடக்கணக்கில் மெல்ல மெல்ல மஞ்சளாவதால் மூளை கூடவே சரிசெய்துகொண்டே வருகிறது. வெள்ளைத்தாள் வெள்ளையாகத்தான் தெரியும்.

இதை நான் எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். அம்மாவுக்கு ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது கறுப்புப் பட்டுக்குக் கருநீல ரவிக்கை போட்டு வந்து நின்றார். "அம்மா, அது நீலம்" என்றேன். "கறுப்புதாண்டா, உனக்குத்தான் கண்ணு சரியில்ல" என்றார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் காட்டியும் ஒத்துக்கொள்ளவில்லை, அப்படியே போய்விட்டு வந்தோம். அப்புறம் வலது கண்ணில் மட்டும் ஆபரேஷன் முடிந்து, இடது கண்ணுக்குக் காத்திருந்த மாதத்தில், மல்லிப்பூப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கண்ணை மூடுவதும் இன்னொரு கண்ணை மூடுவதுமாக உட்கார்ந்திருப்பார். "இந்தக் கண்ணுல பாலு, அந்தக் கண்ணுல டிகாஷன் விட்ட பாலு" என்பது அவர் சொன்னது. அதுவரை ஒருநாள்கூட எதுவும் மஞ்சளாகத் தெரிகிறது என்று அவர் சொன்னதில்லை.

இந்த இரண்டு விஷயத்தையும், ரவிக்கையையும் மல்லிப்பூவையும், தனித்தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மொனே கேஸின் இரண்டு பாதிகளும் அவைதான்.

மொனேவுக்கு 1912-ல் இரண்டு கண்ணிலும் புரை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு அவர் சம்மதிக்கவில்லை. அதற்கு முந்தைய வருடம் மனைவி அலிஸ் இறந்திருந்தார், 1914-ல் மூத்த மகன் ழான். ழானின் மனைவி பிளான்ஷ்தான் (அலிஸின் முதல் கல்யாணத்து மகளும் அவரே) கடைசிவரை கூட இருந்து கவனித்துக்கொண்டார். பயத்துக்குக் காரணமும் இருந்தது: கூட வரைந்த மேரி கசாட்டுக்குப் புரை ஆபரேஷன்கள் செய்தும் பார்வை திரும்பவில்லை. கண்ணே பிழைப்பு என்று இருப்பவர் அதைப் பார்த்துவிட்டு எப்படிச் சரி என்பார்.

இடைப்பட்ட வருடங்களில் தனக்கு நடந்ததை அவரே சொல்லியிருக்கிறார்: சிவப்பு சேறு பூசியது போல் தெரிகிறது, ரோஸ் சப்பென்று இருக்கிறது, நடுத்தரமான சாயல்களும் அடங்கிய சாயல்களும் பிடிபடுவதே இல்லை. வேலை ஓட அவர் கண்டுபிடித்த வழி ட்யூபில் ஒட்டிய பெயரைப் படிப்பது, சாயம் குழைக்கும் பலகையில் ஒவ்வொரு நிறத்தையும் மாறாத ஒரே இடத்தில் பிதுக்கி வைப்பது. 1905-லேயே தன் நிறங்கள் எவை என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார், மொத்தமே ஆறுதான்: வெள்ளை, காட்மியம் மஞ்சள், வெர்மிலியன், ஆழ்ந்த மேடர் சிவப்பு, கோபால்ட் நீலம், மரகதப் பச்சை. கறுப்பு கிடையாது. இவ்வளவு சின்னப் பட்டியல் வைத்திருந்ததால்தான் கண் போன பிறகும் கைப்பழக்கத்தில் ஓட்ட முடிந்தது என்று நினைக்கிறேன். உச்சிவெயில் கூசியதால் பெரிய வைக்கோல் தொப்பி, வேலை காலையிலும் சாயங்காலத்திலும்.

சண்டை இங்கேதான்

மொனேவுக்கு முந்நூறு வருடம் முந்தைய ஓவியர் எல் கிரேக்கோ வரைந்த மனிதர்கள் எல்லாம் நீளநீளமாக இருப்பார்கள். அவர் கண்ணில் கோளாறு, உருவங்கள் நீண்டு தெரிந்தன, அப்படியே வரைந்தார் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். அந்த வாதம் ஒரு கேள்வியில் விழுந்துவிடும்: அந்தக் கண்ணால்தானே கேன்வாஸையும் பார்த்தார்? மனிதர் நீண்டு தெரிந்தால் கேன்வாஸில் உள்ள மனிதரும் நீண்டுதான் தெரிவார், இரண்டும் ஒத்துப்போகும்படி வரைந்தால் நமக்கு வருவது சாதாரண அளவு உருவம்தான். கோளாறு தன்னைத்தானே அடித்துவிடும்.

மொனேவுக்கும் இதே கேள்வி பொருந்தும். பழுப்புக் கண்ணாடி வழியாக ரோஜாவைப் பார்த்தார், சரி. பலகையில் உள்ள சாயத்தையும் அதே பழுப்புக் கண்ணாடி வழியாகத்தானே பார்த்தார். ரோஜாவுக்குப் பொருந்துகிற சாயத்தை எடுத்து வைத்தால் நம் கண்ணுக்கும் அது ரோஜாவாகத்தான் இருக்க வேண்டும். போதாததற்கு, மூளை பழகிப்போனதால் அவருக்கு உலகம் சிவப்பாகவே தெரிந்திருக்காது. ஆகவே "சிவப்பாகத் தெரிந்தது, சிவப்பாக வரைந்தார்" என்பது அப்படியே நிற்காது.

பின்னே படம் ஏன் எரிகிறது? இங்கேதான் ரவிக்கை வருகிறது. கருநீலம் அம்மாவுக்கு வேறு ஏதோ நிறமாக மாறித் தெரிந்தது என்பதில்லை, கருநீலமும் கறுப்பும் ஒன்றாகவே தெரிந்தன. வடிகட்டி நிறத்தை மாற்றினால் பரவாயில்லை, அது கேன்வாஸிலும் மாறும், கணக்கு நேராகிவிடும். ஆனால் இரண்டு நிறங்களுக்கு நடுவில் உள்ள வித்தியாசத்தையே அழித்துவிட்டால் கணக்கை நேராக்க வழி இல்லை. நீலத்தைக் கொஞ்சம் கூட வைத்தாலும் குறைத்து வைத்தாலும் அவருக்கு ஒன்றுதான், தப்பு செய்ததே தெரியாது. 1900-ல் எட்டு ஒன்பது ஊதாக்களை வைத்துக் கட்டிய மனிதருக்கு 1922-ல் அந்த மூலை முழுவதும் ஒரே இருட்டு. பிரித்தறிய முடிந்தது சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் வரிசை மட்டும், அதுவும் மங்கலாக. தெரிகிற கருவியைக் கையில் எடுத்துத் தெரியும்படி அழுத்தமாகப் போட்டார் என்பது என் ஊகம். தூரிகைக் கோடு கயிறு போலத் தடித்துப்போனதற்கும் பத்தில் ஒரு பங்குப் பார்வைக்கும் உறவு இல்லை என்று சொல்ல ரொம்பத் தைரியம் வேண்டும்.

ஸ்டான்ஃபோர்டு கண் மருத்துவர் மைக்கேல் மார்மர் 2006-ல் மொனேவுக்கு இருந்த அளவு புரையையும் மங்கலையும் கணினியில் போட்டு, ஜிவெர்னி தோட்டம் அந்தக் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று படமாக்கிக் காட்டினார். 1922 வாக்கில் தோட்டம் கிட்டத்தட்ட ஒரு பழுப்புக் குழப்பம். அவர் சொன்னது, இந்த முரட்டு நடை மொனே விரும்பி எடுத்தது அல்ல, ஆபரேஷனுக்குப் பிறகு அவர் பழைய பாணிக்குப் பக்கத்தில் திரும்பியதே அதற்குச் சான்று என்பது.

மறுபக்கமும் சும்மா இல்லை. மனைவி போய், மகன் போய், ஒரு உலகப் போர் முடிந்து, எண்பது தாண்டிய ஓவியர் தன் முறையை உடைத்துப் பார்க்கக் கூடாதா? இந்தப் படங்கள் உருவத்தையே விட்டுவிட்டு நிறத்தை மட்டும் நம்புவதைப் பார்த்துத்தான் 1950-களில் அமெரிக்க அரூப ஓவியர்களின் காலத்தில் கடைசிக்கால மொனேவுக்கு மறுபடி மவுசு வந்தது. ஆனால் ஒன்று, ரோஜாத் தோட்டப் படங்களை அவர் விற்கவில்லை. ஸ்டூடியோவிலேயே கிடந்தன, மகன் மிஷேல் 1966-ல் இறந்தபோது எழுதிவைத்த உயில்படி மர்மொத்தானுக்குப் போயின. இது போதும் என்று அவர் கைகழுவிய படங்களா, நாளைக்குப் பார்க்கலாம் என்று சாத்திவைத்தவையா என்று தெரியாமல் "துணிச்சலான முடிவு" என்று பாராட்டுவதும் கஷ்டம்தான்.

ஆபரேஷன்

கடைசியில் மொனேவை இழுத்துக்கொண்டு போனது கிளமென்சோ. பிரான்சின் முன்னாள் பிரதமர், படிப்பால் டாக்டர், பிடிவாதத்தில் மொனேவுக்குச் சளைக்காத நண்பர். கூத்தெலா முதலில் இடது கண்ணுக்குப் பாப்பாவை (கண் நடுவில் உள்ள கறுப்பு வட்டத்தை) விரிக்கும் சொட்டு மருந்து கொடுத்துப் பார்த்தார். புரை நடுவில் இருக்கும்போது பாப்பா விரிந்தால் ஓரத்து வழியாக வெளிச்சம் நுழையும், கொஞ்ச நாளுக்கு மொனேவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அது நிலைக்கவில்லை.

1923 ஜனவரியில், பாரிஸை ஒட்டிய நெய்யியில், வலது கண்ணில் இரண்டு கட்டமாக ஆபரேஷன் நடந்தது. இன்றைக்குப் பத்து இருபது நிமிடத்தில் முடித்துக் கறுப்புக் கண்ணாடி மாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அன்றைக்குக் கண்ணைக் கட்டி, தலை அசையாமல் இரண்டு பக்கமும் மணல்மூட்டை வைத்து, நாள்கணக்கில் மல்லாந்து படுக்க வேண்டும். மொனே கட்டைப் பிய்த்தெறியப் பார்த்தார். பின்னால் விட்டுவைத்த சவ்வு தடித்துப்போனதால் ஜூலையில் ஜிவெர்னி வீட்டிலேயே மூன்றாவது முறை கத்தி வைத்தார்கள்.

புரையை எடுத்தார்கள், ஆனால் அந்த இடத்தில் வைக்க எதுவும் இல்லை. கண்ணுக்குள் செயற்கை லென்ஸை முதலில் பொருத்தியது 1949-ல், லண்டனில் ஹெரால்டு ரிட்லி. மொனேவுக்குக் கிடைத்தது சோடாபுட்டிக் கண்ணாடி. அது போட்டால் பொருள்கள் கால்வாசிக்கு மேல் பெரிதாகத் தெரியும், நேர்க்கோடு வளையும். இடது கண்ணில் அந்தப் பெரிதாக்கல் கிடையாது. ஒரே ரோஜா இரண்டு அளவில் தெரிந்தால் மூளை அவற்றை ஒன்றாக்காது, இரண்டிரண்டாகத்தான் தெரியும், ஆக ஒரு கண்ணை மறைத்தே ஆக வேண்டும். தன்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது குற்றம் என்று கூத்தெலாவுக்கே கடிதம் எழுதினார். இதே புகாரை வேறு சொற்களில் கேட்காத கண் டாக்டர் இன்றும் இருக்க மாட்டார்.

இப்போது மல்லிப்பூவுக்கு வருவோம். ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு கண்ணிலும் ஏறக்குறைய ஒரே வடிகட்டி. பின்னால் வலது கண்ணில் லென்ஸே இல்லை, பல வருடமாக அடைபட்டிருந்த நீலம் மொத்தமும் திறந்துவிட்ட மதகு போல உள்ளே பாய்கிறது. இடது கண்ணில் பழைய டிகாஷன். எல் கிரேக்கோ வாதம் இங்கே உதவாது, ஏனென்றால் அது ஒரே கண்ணோடு ஒரே பழக்கத்தில் இருப்பவருக்குத்தான். வலது கண்ணால் தோட்டத்தைப் பார்த்து நிறத்தை மனதில் வாங்கிக்கொண்டு, இடது கண்ணால் கேன்வாஸில் திருத்தினால்? ஒரு மாதம் பழகிய மூளையை அடுத்த மாதம் புதுக் கண்ணாடி குழப்பினால்? முதலில் எல்லாம் மஞ்சள் என்று புகார் சொன்னவர், பின்னால் எல்லாம் நீலம் என்றார். சிவந்த ரோஜாத் தோட்டத்தை இடது கண்ணாலும், நீலத் தோட்டத்தை வலது கண்ணாலும் வரைந்தார் என்று கண் மருத்துவர்கள் சிலர் சொல்வது இதனால்தான். நம்பத் தகுந்த விளக்கம். ஆனால் ஒவ்வொரு படமும் எந்த மாதம் வரைந்தது என்று தேதி இல்லை, 1922–24 என்ற மொத்தக் காலம் மட்டுமே உண்டு, ஆகவே நீதிமன்றத்தில் நிற்காது. லென்ஸ் போனதால் மொனே புற ஊதாக் கதிரையே பார்த்தார், தேனீ போல, என்று ஒரு பேச்சும் உண்டு. லென்ஸ் இல்லாத கண்ணுக்குள் புற ஊதா கொஞ்சம் போகும் என்பது வரை சரி. அதை வைத்து ஓவியத்தில் இங்கே பார் புற ஊதா என்று விரல் நீட்டுபவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

1924-ல் ழாக் மவாஸ் என்ற இன்னொரு கண் மருத்துவர் ஜிவெர்னிக்கு வந்தார். மொனே அவரிடம் நீலம்தான் தெரிகிறது, சிவப்பும் மஞ்சளும் தெரியவே இல்லை என்று புலம்பினாராம், அவை பலகையில் இருப்பது எனக்குத் தெரியும், முன்பு எப்படி இருந்தன என்பதும் ஞாபகம் இருக்கிறது, அதனால்தான் எரிச்சல் என்று. நீலமாக வரைகிறீர்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று மவாஸ் கேட்டார். எடுக்கிற ட்யூபை வைத்து, என்றார் மொனே.

மவாஸ் ஜெர்மனியின் சைஸ் (Zeiss) கம்பெனியின் புது லென்ஸ்களுக்கு ஏற்பாடு செய்தார், நிறம் ஏற்றிய கண்ணாடிகளும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். இடது கண்ணை மறைத்துவிட்டு வலது கண்ணை மட்டும் நம்பச் சொன்னார்கள். 1925 கோடையில் பார்வை திரும்பிவிட்டது, முன் எப்போதும் இல்லாத உற்சாகத்தோடு வேலை செய்கிறேன் என்று எழுதினார். புரை இருந்த காலத்துப் படங்களை அந்தக் கண்ணால் பார்த்துச் சிலவற்றைத் திருத்தினார், சிலவற்றை அழித்தார். அல்லிக்குளத்தையும் கடைசிவரை தொட்டுத் தொட்டுத் திருத்தியபடி இருந்தார். 1926 டிசம்பர் 5-ல் இறந்தார், பாரிஸில் ஒரான்ஜரி அருங்காட்சியகத்தில் அல்லிக்குள ஓவியங்கள் மக்களுக்குத் திறந்தது அடுத்த மே மாதம்.

ரோஜாத் தோட்டம் மட்டும் அந்தத் திருத்தத்துக்கு முழுதாக உள்ளாகவில்லை. எரிகிற தோட்டமும் நீலத் தோட்டமும் ஸ்டூடியோவில் அப்படியே கிடந்தன. இடது கண்ணுக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னபோது மொனே கடைசிவரை மாட்டேன் என்றுவிட்டார்.